கேசட்டில் கட்டிய வீடு

எங்கள் பக்கத்து வீட்டுக்கு மாடிப்படியை மூன்று முறை கட்டினார்கள். முதல் முறை வெளியே, தெற்குச் சுவரை ஒட்டி. அதை இடித்துவிட்டு இரண்டாம் முறை வீட்டுக்குள்ளே. அதையும் இடித்துவிட்டு மூன்றாம் முறை மறுபடி வெளியே, முதலில் இடித்த அதே இடத்தில். கட்டுகிற சத்தமும் இடிக்கிற சத்தமும் வேறு வேறு என்பது அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட இன்று படி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவேன்.

இதற்குக் கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னதைச் செய்தார். சொன்னவர் துபாயில் இருந்தார். சொன்னது கேசட்டில் வந்தது.

மரக்காணத்தில் எங்கள் தெருவின் கோடியில் இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடைய ஓட்டு வீடு, இன்னொன்று பாய் வீடு. அதற்கு அப்பால் உப்பளம், கண்ணுக்கு எட்டிய வரை கட்டம் கட்டமாக. என் கணவருக்கு அந்த உப்பளத்தில் மேற்பார்வை வேலை. நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பாய் துபாய்க்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டச் சொல்லிவிட்டார். இங்கே அதைக் கவனித்துக்கொண்டது அவர் மனைவி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், சிரித்த முகம். எதைச் சொன்னாலும் "ஆமா டீச்சர், நீங்க சொல்றது கரெக்ட்டுதான்" என்பார். அதன் பிறகு எதுவும் நடக்காது.

கடிதத்தில் எழுதினால் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது என்று பாய் ஒரு டேப் ரெக்கார்டரை அனுப்பிவைத்திருந்தார். லீவில் ஊருக்கு வருகிறவர் யாராவது கேசட்டைக் கொண்டுவருவார். திரும்பிப் போகிறவரிடம் பதில் கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். போக ஒரு மாதம், வர ஒரு மாதம். கேசட் வந்த அன்று வேலை நிற்கும். கொத்தனார், ஜல்லி உடைக்கிற பெண்கள், சித்தாள்கள் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு முன் அறையில் வந்து உட்காருவார்கள். எங்களையும் கூப்பிடுவார்கள்.

"மேஸ்திரி, நல்லா இருக்கீங்களா? வூட்ல எல்லாம் சுகமா?" என்று பாய் குரல் கேட்கும்.

"இருக்கோங்க பாய்" என்று கொத்தனார் டேப் ரெக்கார்டரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

"படிய வெளிய வச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். இன்னாங்க மேஸ்திரி, மழையில நனைஞ்சிக்கினே மாடி ஏற முடியுமா? இடிச்சிட்டு உள்ள வைங்க."

"சரிங்க பாய்."

உள்ளே கட்டி முடிப்பதற்குள் அடுத்த கேசட். "மேஸ்திரி, அன்னிக்கு அவசரத்துல சொல்லிட்டேன். யோசிச்சிப் பார்த்தா உள்ள வச்சா கூடம் சின்னதாப் பூடும். வெளிய இருக்கிறதே இருக்கட்டும். இடிச்சிடாதீங்க."

இடித்த படியின் செங்கல் வாசலில் குவிந்து கிடந்தது. கொத்தனார் இந்த முறை அந்தக் குவியலைப் பார்த்துத் தலையாட்டினார்.

இன்னொரு கேசட்டில், உப்புத் தண்ணீர் கம்பியைத் தின்றுவிடும் என்று அங்கே ஓர் இன்ஜினியர் சொன்னதாகவும், கான்கிரீட்டுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைத் தூரத்திலிருந்து குடத்தில் சுமந்து வருவோம். பாய் வீட்டுப் பின்புறத்தில் செங்கல் வைத்து ஒரு தொட்டி கட்டி, வண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து நிரப்பினார்கள். நாங்கள் சொம்பு சொம்பாகக் குடித்த தண்ணீரை அந்த வீடு தொட்டி தொட்டியாகக் குடித்து வளர்ந்தது.

இப்போது என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள், அப்போது ஏழு வயது. அவள் தும்மினால் நான் எழுந்து நின்றுவிடுவேன். அவளோ அப்பாவைக் கொண்டு பிறந்தவள், எதற்கும் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு உப்பளத்துக்குப் போவாள். அவள் உயரத்துக்கு ஏற்றாற்போல் நீளக் கம்பு வைத்து, உப்பு வாருகிற பலகை ஒன்று செய்து கொடுத்திருந்தார். பாத்தியில் உப்பு பூத்து வெள்ளையாக நிற்கும்போது, ஓரத்தில் நின்று வாரிக் குவிப்பாள். பெரியவர்கள் செய்வது போலவே இடுப்பில் கை வைத்துக் குவியலைப் பார்ப்பாள். உப்பளத்துக்கு அவளை அனுப்பும்போது மட்டும் எனக்குப் பயமே இல்லை. அங்கே தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வராது.

பக்கத்து வீட்டைப் பார்த்தால்தான் பயம். சவுக்குக் கம்பால் கட்டிய சாரம் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு நாள் காலை, மகள் பல் துலக்கிவிட்டு எழுந்து போன இடத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முழுச் செங்கல் ஒன்று வந்து விழுந்தது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் போனேன்.

"மேஸ்திரி, இது இன்னா?"

"செங்கல்லு டீச்சரம்மா."

"அது தெரியுது. எங்க வீட்ல வந்து விழுந்தா இன்னா அர்த்தம்? குழந்தை இருக்கிற வீடு."

"நாங்க போடலீங்க. அது தானா வுழுந்துச்சி."

"தானா விழறதுதாங்க பயம். நீங்க போட்டா பார்த்துப் போடுவீங்க. ஓரத்துல ஒரு தட்டி வச்சிக் கட்டுங்க."

கொத்தனார் செங்கல்லை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "கட்டிடலாம். ஆனா கேசட்டுல சொல்லலீங்களே."

பாய் வீட்டம்மா என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். "நான் சொன்னா கேக்க மாட்றாரு டீச்சர். 'நாளைக்கு பாய் வந்து ஏன் இப்படி கட்டினேன்னு கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க'ன்றாரு. படிய இடிச்சதுல மனுசன் ரொம்ப பயந்துட்டாரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க."

"எப்படி?"

"இதுலதான்" என்று டேப் ரெக்கார்டரைத் துடைத்து என் முன்னால் வைத்தார்.

அன்று மாலையே உட்கார்ந்தோம். அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நாற்பது பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்கப் பேசுகிறவள், அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் விறைத்துப்போனேன். "பெருமதிப்புக்குரிய பாய் அவர்களுக்கு, பக்கத்து வீட்டு ஆசிரியை எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்" என்று தொடங்கினேன்.

பாய் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எழுதல டீச்சர், பேசுறீங்க. என்கிட்ட சண்டை போட்டீங்களே, அத மாதிரி பேசுங்க."

பேசினேன். செங்கல், சாரம், விடியற்காலை ஜல்லிச் சத்தம் எல்லாவற்றையும் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுச் சொன்னேன். நடுவில் என் மகள் புகுந்து, "மாமா, எனக்குக் கண்ணு மூடித் தொறக்கிற பொம்மை" என்று கத்தினாள். கடைசியில் பாய் வீட்டம்மா பெட்டியை நெருங்கி, குரலைத் தாழ்த்தி, "டீச்சர் ரொம்ப நல்லவங்க. கொஞ்சம் பயந்தவங்க, அவ்ளோதான்" என்று என் எதிரிலேயே சேர்த்துச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

கேசட் போனது. காத்திருந்தோம்.

அது போய் ஒரு மாதம் கழித்துத்தான் சுண்ணாம்புக் குழி வந்தது. மாடிச் சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டும் என்று, இரண்டு வீட்டுப் பின்புறமும் சேருகிற இடத்தில் குழி தோண்டினார்கள். சதுரமாக, மூன்றடி ஆழம், சுற்றிலும் ஒரு வரிசை செங்கல். வண்டி உள்ளே வர வேண்டும் என்று நடுவிலிருந்த ஓலை வேலியையும் பிரித்துவிட்டார்கள். சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிய அன்று, நான் பள்ளிக்கு லீவு போட்டேன். மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பின்கட்டு வாசலில் காவல் உட்கார்ந்தேன். குழி சோற்றுப் பானை மாதிரி கொதித்தது. புகை எங்கள் முருங்கை மரம் வரை வந்தது.

கொதி அடங்கிய பின் கேட்டேன். "மேஸ்திரி, இது எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசம் ஊறணும் டீச்சரம்மா. ஊற ஊறத்தான் வெண்ணெ மாதிரி வரும்."

"அதுவரைக்கும் மேல பலகை போட்டு மூடிடுங்க."

"பலகை எல்லாம் சாரத்துல இருக்குதே." அவருக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. "அடுத்த கேசட்டுல இதையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

வேலி இருந்த இடத்தில் நானே மூன்று வரிசை கயிறு கட்டினேன். ஆடுகள் அதன் கீழே குனிந்துகூடப் போகவில்லை, நேராகவே போயின. பிறகு மகளை உட்கார வைத்து, வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போல், "சுண்ணாம்புக் குழிப் பக்கம் போக மாட்டேன்" என்று பத்து முறை சொல்ல வைத்தேன். பிழையில்லாமல் சொன்னாள். தினமும் காலையில் ஒரு முறை கேட்பேன். தினமும் சொன்னாள்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை, பள்ளி இல்லை. பதினொரு மணிக்குப் பாய் வீட்டம்மா கையைத் தட்டிக் கூப்பிட்டார். "டீச்சர், வந்துடுச்சி! ஓடியாங்க!"

மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "முடிச்சிட்டு வரேன்" என்றாள். நான் மட்டும் போனேன். ஜல்லி உடைக்கிற பெண்கள் எனக்கு நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று நான்தான் கல்யாணப் பெண்.

"டீச்சரக்கா சொன்னத மூணு தபா போட்டுக் கேட்டேன்" என்றது பாய் குரல். "ரூம்ல இருக்கிற அத்தினி பேரும் கேட்டாங்க. ஒருத்தன் கேக்குறான், 'பாய், உங்க வூட்டுப் பக்கத்துல ஹெட்மாஸ்டரு இருக்காரா'ன்னு."

அறையே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. மேஸ்திரி, இன்னிக்கே ஓரத்துல தட்டி கட்டுங்க. சாரத்துக் கயிற இறுக்குங்க. ஜல்லிய ஏழு மணிக்கு மேல ஒடைங்க. பாப்பாவுக்குப் பொம்மை வாங்கிட்டேன்..."

நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. குழியைப் பற்றி மட்டும் ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? நான் பேசியபோது குழியே இல்லை. இப்போது சொன்னால் இன்னும் இரண்டு மாதம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்தது. பாய் வீட்டம்மா கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போடுவதற்காக ஊதினார்.

அந்தச் சில நொடிகள்தான். வேலை நின்றிருந்ததால் சுத்தியல் சத்தம் இல்லை, பேச்சு இல்லை. பின்புறத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சரக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி சரக். எனக்குத் தெரிந்த சத்தம். பலகையால் உப்பு வாருகிற சத்தம். இங்கே உப்பு ஏது என்று நினைக்கும்போதே நான் எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

குழியின் மேலே இருந்த தண்ணீர் மூன்று வார வெயிலில் சுண்டி, மேல்பக்கம் வெள்ளையாக ஏடு கட்டி, கோடு கோடாக வெடித்திருந்தது. சதுரம், சுற்றிலும் வரப்பு போல் செங்கல், உள்ளே வெள்ளை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த பாத்தி எல்லாம் அப்படித்தான் இருந்தன. செங்கல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் குவியல், அழகாக, கூம்பாக. எட்டிய வரை வாரிவிட்டு, எட்டாததை வாருவதற்கு இறங்கியிருக்கிறாள். மூலையில் தொடை வரை புதைந்து நின்றாள். பலகையின் கம்பை இரண்டு பக்கச் செங்கல் மேலும் குறுக்கே போட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்தக் கம்பு இல்லாவிட்டால் என்ற வாக்கியத்தை நான் இதுவரை முடித்ததில்லை.

அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். "அம்மா, இந்தப் பாத்தி சரியில்ல. மேலதான் உப்பு. உள்ள ஒரே சேறு."

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். வரவில்லை. அதற்குள் என் பின்னால் ஓடிவந்த கொத்தனார் யோசிக்காமல் குழியில் குதித்துவிட்டார். "கண்ணத் தொடாத பாப்பா! கைய மேல தூக்கு! டீச்சரம்மா, நீங்க தள்ளி நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே கீழே கையை விட்டு, இரண்டு காலையும் பிடுங்கி மேலே தூக்கினார். பாய் வீட்டம்மா அவளை என்னிடம்கூடத் தரவில்லை. வாங்கிக்கொண்டு நேராக நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்.

"ஊத்துங்க! எல்லாரும் ஊத்துங்க!"

வாளி, குடம், கான்கிரீட் சட்டி, எது கையில் கிடைத்ததோ அதில் மொண்டு ஊற்றினார்கள். பாய் வீட்டம்மா முழங்கை வரை சுண்ணாம்போடு அவள் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கொத்தனாரும் தன் காலில் ஊற்றிக்கொள்ளாமல் அவள் காலிலேயே ஊற்றினார். நானும் ஊற்றினேன் என்று சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

"மாமி, குளிருது. போதும்" என்றாள் மகள்.

"போதாதுடி கண்ணு. இன்னும் கொஞ்சம். அல்லா, இன்னும் கொஞ்சம்."

தொட்டியின் அடிச் செங்கல் தெரிந்த பிறகுதான் நிறுத்தினார்கள். ஜல்லி கொண்டுவந்த மாட்டு வண்டி வாசலில் நின்றது. அதிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உப்பளத்திலிருந்து என் கணவரும் சைக்கிளில் வந்து சேர்ந்துகொண்டார்.

டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு இடத்தில் கொப்புளம், மற்றதெல்லாம் வெறும் சிவப்பு. "இவ்ளோ தண்ணி ஊத்தினது ரொம்ப நல்லதாப் போச்சு. மருந்து தரேன். பத்து நாள்ல சரியாகிடும்" என்றவர், அவளைப் பார்த்துக் கேட்டார். "எதுக்குப் பாப்பா அதுல எறங்கின? அது சுண்ணாம்புக் குழின்னு அம்மா சொல்லலியா?"

"சொன்னாங்க. சுண்ணாம்புக் குழிப் பக்கம் போக மாட்டேன்னு நானும் தினம் சொல்றேன்." அவளுக்கு நியாயமாகவே கோபம். "நான் சுண்ணாம்புக்குப் போகல. உப்புக்குத்தான் போனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்த சுண்ணாம்பு, வெற்றிலை போடுகிறவர்கள் விரல் நுனியில் எடுக்கிற அளவுதான். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், இதுதான் அந்தக் குழி என்று ஒரு முறை காட்டியிருக்கலாம். பக்கத்தில் கூட்டிப்போகவே பயந்து, தூரத்திலிருந்தே பத்து முறை சொல்ல வைத்திருந்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்துபோய் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தேன். மாமரத்தில் இருக்கிறாள். மூன்றாம் முறை போனால் திட்டுவாள்.

அன்று வண்டியில் திரும்பி வரும்போது, பாய் வீட்டம்மாவை என்ன கேட்பது என்று வரிசை போட்டு வைத்திருந்தேன். இரண்டாவது கேள்வியே போதும், அவர் அழுதுவிடுவார். வந்து இறங்கினால், அவர் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு குழிக்கரையில் நின்றார். இரண்டு கையும் முழங்கை வரை சிவந்து, தேங்காய் எண்ணெய் மின்னியது. மேல்சாரத்தைப் பாதி பிரித்து, பலகைகளைக் குழியின் மேல் அடுக்கியிருந்தார்கள். இரண்டு பேர் வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாய் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், தெரியுதா?" என்று கொத்தனாரிடம் கத்திக்கொண்டிருந்தார். "அவரு கண்ணு துபாய்ல இருக்குது. என் கண்ணு இங்க இருக்குது. இனிமே இந்த வூட்ல நான் சொல்றதுதான்!"

"நான் ஒண்ணுமே கேக்கலியேம்மா" என்றார் கொத்தனார், பலகையைத் தூக்கிக்கொண்டே. அவர் காலிலும் எண்ணெய்.

"கேக்கப் போறீங்க. அதுக்குத்தான் முன்னாடியே சொல்றேன்."

என் வரிசையில் இருந்த கேள்விகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க திட்டணும்னா திட்டிடுங்க. ஆனா சாப்பிட்டுட்டுத் திட்டுங்க. காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிடல."

அப்படித்தான் அன்று மாலை, எல்லாரும் அந்த வீட்டின் பூசாத கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். தேங்காய்ச் சோறு, மீன் குழம்பு. மகளை எனக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார வைத்திருந்தார்கள். ஜல்லி உடைக்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் காலைப் பார்த்தார்கள். அவள் மகாராணி போல எல்லாருக்கும் காட்டினாள். உப்பு எப்படி ஏமாற்றியது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள்.

"அம்மா, கைய உடு. சாப்பிடணும்."

அப்போதுதான் கவனித்தேன். வண்டியில் ஏறியபோது பிடித்த அவள் வலது கை இன்னும் என் கையில்தான் இருந்தது.

"நான் ஊட்டிவிடறேன்" என்றேன்.

"நான் இன்னா சின்னக் கொழந்தையா?"

"உடுங்க டீச்சர்" என்றார் பாய் வீட்டம்மா, அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே. "எங்க போயிடப் போறா? சுத்தி இத்தினி பேரு உக்காந்திருக்கோம்."

விட்டேன். விட்ட கையால் அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு முறை குனிந்து பார்த்தாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் வலது கையால் சாப்பிட்டேன், இடது கை பாவாடை நுனியிலேயே இருந்தது.